காளான் பார்க்க வருகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து மழைக்காலத்தில் காளான் பார்க்கப் போகிறோம். நடைக்குப் பெயர் எழுதிக்கொள்வது என் பொறுப்பு, அதனால் போன் எல்லாம் எனக்கே வரும். டீக்கடையில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் ஒருவழியாக எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

காளான் குழுன்னா என்ன செய்வீக? பறிச்சு விப்பீகளா?

விற்பதில்லை. பார்க்கிறோம், படம் எடுக்கிறோம், அளக்கிறோம், மோந்து பார்க்கிறோம், நோட்டில் எழுதி வைக்கிறோம். குருவி பார்க்கிறவர்கள் பைனாகுலரோடு கூந்தன்குளத்துக்குப் போவதில்லையா, அதே மாதிரிதான். அவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், நாங்கள் குனிந்து பார்ப்போம்.

மழை மாதங்களில் ஞாயிறு காலை நடை. நடை முடிந்ததும் ஒரு வீட்டுத் திண்ணையில் பழைய பேப்பரை விரித்து, கிடைத்ததை எல்லாம் பரப்பி வைத்து இனம் பிரிப்போம். எனக்கு நடையைவிட இந்தத் திண்ணைதான் பிடிக்கும். ஒரே காளான் என்று எடுத்து வந்த ஐந்தும் ஐந்து வேறு இனமாக இருக்கும். மழை இல்லாத மாதங்களில் காளான் வளர்க்கப் பயிற்சி, வருஷத்துக்கு ஒரு நாள் சமையல்.

சேர பணம் கட்டணுமா? படிச்சவுகதான் வரணுமா?

பணம் கிடையாது, பஸ் செலவு அவரவருடையது. படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓய்வு பெற்ற வாத்தியார், வாழை போடுகிறவர், தையல் வேலை செய்யும் அக்கா, கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். காளானை முதலில் கண்டுபிடிப்பது எப்போதும் அந்தத் தையல் அக்காதான். ஊசியில் நூல் கோத்த கண் அது.

எந்த மாசம் வந்தா நெறைய பாக்கலாம்?

திருநெல்வேலிச் சீமைக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் கொட்டிவிட்டு, நமக்குக் குற்றாலம் பக்கம் சாரலை மட்டும் தூவிவிட்டுப் போகும். அப்போது நாங்கள் தென்காசி, கடையம் பக்கம் போவோம். 2019-இல் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது, ஆனால் காளானுக்கு அது தெரியாது. சமவெளியில் உண்மையான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். கார் பட்டத்து நெல் அறுவடை முடிந்து, அடுத்த பட்டமான பிசானத்துக்கு வயல் ஈரமாகும் அந்த நாட்கள்தான் எங்களுக்குத் திருவிழா.

மழை பெய்த மறுநாளே ஓடிவர வேண்டாம். மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சை இழை தண்ணீர் குடித்து, மொட்டு கட்டி, குடை விரிக்க மூன்று நான்கு நாளாவது வேண்டும். ஒரே நாளில் பேய்மழையாகக் கொட்டுவதைவிட, விட்டு விட்டுப் பெய்யும் மழைதான் காளானுக்கு உகந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஊரே மூழ்கியபோது எங்களுக்கு நடை ஏது? ஆனால் அடுத்த மாதம் ஆற்றங்கரைக்குப் போனால், வெள்ளம் அடித்து ஒதுக்கிய கட்டைகளில் எல்லாம் வெள்ளைச் சிறு விசிறிகளாகப் பிளவுக் காளான் வரிசை கட்டியிருந்தது. செத்த மரம் எங்கே கிடந்தாலும் அது வந்துவிடும்.

எங்க எங்க போவீக? மாஞ்சோலைக்குக் கூட்டிட்டுப் போவீகளா?

பெரும்பாலும் சமவெளிதான். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தாமிரபரணிக் கரை, குளத்தங்கரைகள், வாழைத் தோட்டங்கள், வைக்கோல் படப்பு போட்டிருக்கும் களங்கள், வயசான மரங்கள் நிற்கும் பள்ளி, கல்லூரி வளாகங்கள். சொந்த நிலமென்றால் உரியவரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்குவோம்.

மாஞ்சோலை, பாபநாசம் மேலணை, திருக்குறுங்குடி நம்பி கோயில் பக்கமெல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. அது 1988-இல் புலிகள் காப்பகமானது. பாதையில் போகவே வனத்துறை அனுமதி வேண்டிய இடங்கள் உண்டு. உள்ளே இருந்து எதையும் எடுத்து வருவது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம், காளான் ஆனாலும் சரி. அனுமதி கிடைத்துப் போனால் கண்ணால் பார்த்து, படம் எடுத்து, கையை வீசிக்கொண்டு திரும்புவோம்.

என்னென்ன கொண்டு வரணும்?

தண்ணீர், தொப்பி, மூடிய காலணி. பழைய செருப்பு வேண்டாம். காளான் இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும், அதனால் இலைச் சருகைக் கையால் விலக்காமல் ஒரு குச்சி வைத்துக்கொள்ளுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் நல்லது. ஓலைப்பெட்டி இருந்தால் அதைவிட நல்லது. பாலிதீன் பையில் போட்டால் ஒரு மணி நேரத்தில் வியர்த்துக் கொழகொழத்துவிடும். பனையோலைக் கொட்டான் காளானுக்கென்றே செய்தது போல இருக்கும், காற்றும் போகும், நசுங்கவும் செய்யாது.

பாத்ததை வீட்டுக்குக் கொண்டு போயி கொழம்பு வைக்கலாம்லா?

கூடாது. குழுவில் இருக்கும் ஒரே கண்டிப்பான விதி இதுதான்: நடையில் எடுத்த காளான் யார் அடுப்புக்கும் போகாது. திண்ணையில் பரப்பிப் பார்த்தபின் எல்லாம் தென்னை மூட்டில் உரக்குழிக்குப் போய்விடும். "கண்ணெதிரே கறியைக் கொட்டுதியளே" என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் வருத்தப்படுவார்கள். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பது அடுத்த இரண்டு கேள்விகளில் இருக்கிறது.

எங்க ஆச்சி வெள்ளிக்காசு போட்டு வேக வைப்பா, கறுக்கலன்னா நல்லதுன்னு சொல்லுவா. அது சரிதான?

ஆச்சி சொன்னது பாசத்தில் சொன்னது, ஆனால் சரி இல்லை. வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால். முட்டை தின்ற வெள்ளிக் கரண்டியும் கறுக்கும், முட்டை விஷமா? காளானின் நஞ்சு வெள்ளியைத் தொடாமல் அப்படியே இருக்கும். பூண்டு கறுக்கிறதா, அரிசி சிவக்கிறதா, மஞ்சள் நிறம் மாறுகிறதா என்கிற சோதனைகளும் இதே கதைதான்.

"பூச்சி அரித்திருந்தால் நல்ல காளான்" என்பது இன்னும் மோசம். மனுஷன் ஈரலை அழிக்கிற நஞ்சு உள்ள காளானை நத்தையும் சில ஈக்களும் ஒன்றும் ஆகாமல் தின்றுவிட்டுப் போகும். நல்ல மணம், நல்ல ருசி என்பதும் அடையாளம் இல்லை. உலகத்திலேயே அதிகம் பேரைக் கொன்ற டெத் கேப் என்ற காளானைத் தின்று பிழைத்தவர்கள் ருசியாக இருந்தது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நன்றாக வேக வைத்தால் போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். அந்த நஞ்சு கொதியில் அழியாது.

புத்துக்காளான் எனக்குச் சின்னப் பிள்ளையிலேயே தெரியும். அதுல கூடவா சந்தேகம்?

உங்களுக்குத் தெரிந்திருக்கும், மறுக்கவில்லை. பிறந்த ஊரில், வழக்கமான புற்றில், வருஷா வருஷம் பறிக்கிறவர்களிடம் நாங்கள் கற்றுக்கொள்ளத்தான் போகிறோம். புற்றுக்காளானைக் கறையான்தான் பயிர் செய்கிறது. செத்த இலையையும் கட்டையையும் மென்று, புற்றுக்குள் பஞ்சு மாதிரி ஒரு கூடு கட்டி, அதில் பூஞ்சையை வளர்த்துத் தின்கிறது. மழையில் அந்தப் பூஞ்சை மேலே வந்து பூப்பதுதான் நாம் பறிக்கும் காளான். ஈசல் பறப்பதும் அதே வீட்டிலிருந்துதான். கறையான் இல்லாமல் இதை வளர்த்து விற்க முடியாததால்தான் கடையில் சிப்பிக் காளானும் மொட்டுக் காளானும் கிடைக்கின்றன, இது கிடைப்பதில்லை.

அடையாளம் சொல்கிறேன். குடையின் நடுவில் கூர்மையாக ஒரு மொட்டு. தண்டு மண்ணுக்குள் நீண்டு வேராகி, புற்றுக்குள் இருக்கும் பஞ்சுவரை போகும். சில சமயம் முழங்கை நீளம் இருக்கும். தூள் இளஞ்சிவப்பாக விழும். தூள் என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன்.

சிக்கல் எங்கே என்றால், ஊரைவிட்டு டவுனுக்குக் குடிவந்தவர்கள் அதே கண்ணோடு பள்ளிக்கூட மைதானத்தைப் பார்க்கிறார்கள். அங்கே புல்லில் வெள்ளைக் குடையாக, மேலே பழுப்புச் செதிலோடு, தண்டில் மோதிரம் போட்டது போல வளையத்தோடு ஒன்று முளைக்கும். வெப்ப நாடுகளில் காளான் தின்று வயிறு கெடுகிறவர்களில் ஏராளமானவர்கள் தின்றது இதைத்தான். மண்ணுக்குள் நீண்ட வேர் இருக்காது. இளசில் குடையின் அடி மடிப்புகள் வெள்ளையாக இருந்து, முற்றும்போதுதான் பச்சை ஓடும். இளசாகப் பறித்தால் ஏமாந்தே தீர வேண்டும்.

இடி இடிச்சாத்தான் காளான் மொளைக்கும்னு சொல்லுதாகளே?

இடியோடு மழையும் வருகிறது, மழையில் காளான் வருகிறது, பேர் இடிக்குப் போய்விடுகிறது. பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் முழுக்கச் சிரிக்கவும் முடியாது. ஜப்பானில் இவாட்டே பல்கலைக்கழகத்தில் காளான் வளர்க்கும் கட்டைகளில் உயர் மின்னழுத்தத்தைக் கண நேரம் பாய்ச்சிப் பார்த்தார்கள், சில இனங்களில் விளைச்சல் கூடியது. நம் தாத்தாமார் சொன்னதில் ஏதோ ஒரு இழை இருக்கலாம் என்று எனக்கு ஒரு சபலம் உண்டு. குழுவில் வாத்தியார் ஒத்துக்கொள்ள மாட்டார்.

தாளுல காளானக் கவுத்து வச்சு என்னமோ பாப்பீகளாமே, சோசியமா?

சோசியத்தைவிட நம்பலாம். குடையைத் தண்டிலிருந்து அறுத்து, பாதி வெள்ளை பாதி கறுப்பாக இருக்கும் தாளின் மேல் மடிப்பு கீழே பார்க்கும்படி கவிழ்த்து, ஒரு டம்ளரால் மூடி ராத்திரி முழுக்க விட வேண்டும். காலையில் எடுத்தால் விசிறி விசிறியாகக் கோலம் போட்டதுபோல் தூள் விழுந்திருக்கும். அதுதான் காளானின் ஸ்போர், விதை மாதிரி. வெள்ளைத் தூள் கறுப்புப் பாதியிலும், கறுப்புத் தூள் வெள்ளைப் பாதியிலும் தெரியும்.

குடையின் நிறம் மழைக்கும் வெயிலுக்கும் மாறும், தூளின் நிறம் அவ்வளவு சீக்கிரம் ஏமாற்றாது. வைக்கோல் படப்பின் அடியில் வரும் வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு. டெத் கேப்பும் அதன் பங்காளிகளும் வெள்ளை. இரண்டுமே இளசில் முட்டை மாதிரி உறைக்குள் இருக்கும். ஆசியாவிலிருந்து அமெரிக்கா, ஆஸ்திரேலியா போனவர்கள் ஊர் வைக்கோல் காளான் என்று நினைத்து டெத் கேப்பைப் பறித்துத் தின்று செத்திருக்கிறார்கள். முட்டையில் தூள் விழாது என்பதால் இந்தச் சோதனையும் அங்கே உதவாது. தூள் நிறம் சரியாக இருந்துவிட்டதால் மட்டும் தின்னலாம் என்றும் ஆகிவிடாது. அது ஒரு அடையாளம், அவ்வளவுதான்.

போட்டோ அனுப்புதேன், திங்கலாமான்னு மட்டும் சொல்லுங்க, போதும்.

சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். படத்தில் மண்ணுக்குள் இருக்கும் அடிப்பகுதி தெரியாது, தூள் தெரியாது, மணம் தெரியாது. நீங்கள் அனுப்பியது ஒன்று, சட்டியில் கிடக்கிற பத்தும் அதுதானா என்பதும் தெரியாது. போனில் காளான் பெயர் சொல்லும் செயலிகளுக்கும் இதே கதிதான். செடி, பூச்சி, காளான் பார்த்ததைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் படம் ஏற்றி வையுங்கள், எங்கே எப்போது எது வந்தது என்று பதிவாக இருக்கும், நாங்களும் செய்கிறோம். சமையலுக்கு அதைக் கேட்காதீர்கள்.

தப்பித் தவறித் தின்னுட்டா என்ன செய்யணும்?

உடனே 108-க்குப் போன் செய்யுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெல்லைக்காரர்களுக்கு ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை. மிச்சம் இருக்கும் காளானையும், சமைத்ததில் கொஞ்சத்தையும் தாளில் சுற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். புளியைக் கரைத்துக் குடிப்பது, விரலை விட்டு வாந்தி எடுப்பது எல்லாம் வேண்டாம். கூடத் தின்ற எல்லாரையும் அழைத்துப் போங்கள், நன்றாக இருப்பவரையும் சேர்த்து.

தின்று இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி வந்தால் பெரும்பாலும் வயிற்றோடு போகிற வகை. ஆறு மணி, பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஆரம்பித்தால்தான் பயம் அதிகம். ஈரலைத் தாக்கும் நஞ்சு அப்படித்தான் தாமதமாக வரும். இதில் இன்னொரு சூது உண்டு. ஒரு நாள் வாந்தி பேதி எடுத்தபின் ஆள் தேறியது போல எழுந்து உட்காருவார். வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றும். அந்த நேரத்தில் ஈரல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். டாக்டர் அனுப்பாமல் கிளம்பக் கூடாது.

வெசக் காளானத் தொட்டா கைக்கு ஏறுமா? பிள்ளைகளக் கூட்டிட்டு வரலாமா?

தொடுவதால் ஒன்றும் ஆகாது, விழுங்கினால்தான். பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள், தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் அவர்கள்தான் நன்றாகக் கண்டுபிடிப்பார்கள். வாயில் வைக்கிற வயசுக் குழந்தை என்றால் இடுப்பை விட்டு இறக்காதீர்கள். எல்லாரும் கை கழுவிவிட்டுத்தான் வடையைத் தொட வேண்டும்.

எங்க பூந்தொட்டியில மஞ்சளா குட்டிக் குட்டிக் குடை வந்திருக்கு. செடி செத்துருமா?

சாகாது. எலுமிச்சம்பழ நிறத்தில் வரும் அது தொட்டி உரத்தில் உள்ள மட்கைத் தின்று வாழ்கிறது, செடியைத் தொடாது. தின்றால் வயிற்றைக் கெடுக்கும், அதனால் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் பிடுங்கிப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் இருந்துவிட்டுப் போகட்டும், இரண்டு நாளில் தானே வாடிவிடும். அழகாகத்தானே இருக்கிறது?

தென்னை மூட்டுல தட்டு தட்டா மரம் மாதிரி ஒண்ணு வளருது. அதுவும் காளானா?

காளான்தான், ஆனால் இதைப் பார்த்து மகிழ முடியாது. மேலே வார்னிஷ் அடித்தது போலப் பழுப்பாகப் பளபளக்கும் கானோடெர்மா அது. தஞ்சாவூர் வாடல் நோய் என்பார்கள். 1952-இல் புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் முதலில் கண்டதால் அந்தப் பெயர். அடித்தண்டிலிருந்து செம்பழுப்புச் சாறு வடியும், வேர் அழுகும், மட்டை தொங்கும். தட்டு வெளியே தெரிகிறபோது உள்ளே நோய் முற்றியிருக்கும். அந்த மரத்துக்குப் பாய்ச்சிய தண்ணீர் அடுத்த மரத்துக்குப் போகாமல் வட்டப் பாத்தி கட்டுங்கள். சுற்றியுள்ள மரங்களுக்கு வருஷத்துக்கு ஐந்து கிலோ வேப்பம் புண்ணாக்கு வைக்கச் சொல்கிறது வேளாண்மைத் துறை. மேற்கொண்டு வேளாண் அலுவலரிடம் கேளுங்கள்.

சித்திரை வைகாசியில குழு என்ன செய்யும், தூங்குமா?

வளர்க்கும். கார் அறுவடை வைக்கோலை யாராவது ஒதுக்கி வைத்திருப்பார்கள். விரல் நீளத்துக்கு நறுக்கி, ஊறவைத்து, ஒரு மணி நேரம் வெந்நீரில் வேகவைத்து, பிழிந்தால் கையில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது என்கிற பதத்துக்கு உலர்த்துவோம். பையில் வைக்கோல் ஒரு அடுக்கு, காளான் வித்து ஒரு அடுக்கு என்று நிரப்பிக் கட்டினால் உருளைப் படுக்கை தயார். இருட்டறையில் பதினைந்து இருபது நாளில் பை முழுக்க வெள்ளை பூத்துவிடும். புதியவர்களின் பை பச்சையாகிவிடுவது வழக்கம். பதம் தப்பி வேறு பூஞ்சை புகுந்துவிட்டது என்று அர்த்தம், மனம் உடைய வேண்டாம்.

சிப்பிக் காளானுக்கு நம் சித்திரை வெயில் ஆகாது, மார்கழி தையில் செய்வதே நல்லது. கோடைக்குப் பால் காளான். முப்பது முப்பத்தைந்து டிகிரியில் சந்தோஷமாக வளரும், படுக்கையின் மேல் மண் மட்டும் மூட வேண்டும். இது நம் நாட்டுக் காளான், 1974-இல் மேற்கு வங்கத்தில் கண்டு விவரிக்கப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏபிகே 2 ரகம்தான் இங்கே எல்லாரும் வளர்ப்பது. மூடிய அறையில் சிப்பிக் காளான் பறிக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், ஸ்போர்த் தூள் சிலருக்கு இருமலைக் கொண்டுவரும். இந்தக் காளான்களைத்தான் சமையல் நாளில் சின்ன உள்ளி, நல்லமிளகு, தேங்காய் அரைத்து வைக்கிறோம்.

நாங்க சுத்த சைவம். காளான் சைவமா அசைவமா?

இது எங்கள் ஊரில் கேட்காமல் இருக்காது. காளான் செடியும் இல்லை, பிராணியும் இல்லை, தனி ராஜ்ஜியம். வம்சாவளிப்படி பார்த்தால் செடியைவிடப் பிராணிக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். பழந்தமிழில் இதன் பெயர் ஆம்பி. பல நாள் எரியாத அடுப்பில் ஆம்பி பூத்தது என்று சொல்லித்தான் பழைய புலவர்கள் வறுமையைக் காட்டினார்கள். அடுக்களையில் வேண்டாம் என்றால் வேண்டாம், பார்க்க மட்டும் வாருங்கள். எங்கள் வாத்தியாரே வாழ்க்கையில் ஒரு காளான் தின்றதில்லை.

ராத்திரியில மினுங்குற காளான் இருக்காமே, காட்டுவீகளா?

இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தில் மக்கிய கட்டையில் மங்கிய பச்சையாக ஒளிரும் பூஞ்சைகள் உண்டு. படத்தில் பார்க்கும் வெளிச்சம் கேமராவை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்தது. கண்ணுக்குத் தெரிய டார்ச்சை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷமாவது இருட்டில் நிற்க வேண்டும். புலிக்காட்டில் அப்படி நிற்க அனுமதி கிடைக்காது, நாங்கள் கேட்பதும் இல்லை.

அண்ணே, போதைக் காளான் கெடைக்குமா?

கிடைக்காது. அதில் உள்ள சைலோசைபின் 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. இதைக் கேட்க மட்டும் போன் செய்கிறவர்கள் தயவுசெய்து ராத்திரி பதினோரு மணிக்குச் செய்யாதீர்கள்.

அண்ணாச்சி, நீங்களே ஒரு தடவ தின்னுட்டுக் கெடந்தீகளாமே, நெசமா?

நெசம்தான். குழு தொடங்குவதற்கு முன்னால். ஒரு மைதானத்தில் கார்த்திகை மழைக்குப் பிறகு வெள்ளை வெளேரென்று ஏழெட்டுக் குடை நின்றது. எங்கள் ஊர்ப் புற்றுக்காளான் டவுனுக்கே வந்துவிட்டது என்று சந்தோஷமாக இளசாகப் பார்த்து நாலைப் பறித்து வந்தேன். ஆச்சி சொன்ன மாதிரி வெள்ளிக்காசும் போட்டுப் பார்த்தாயிற்று, கறுக்கவில்லை. வீட்டுக்காரி, "புத்து இல்லாத இடத்துல எப்படிப் புத்துக்காளான் வரும்?" என்று கேட்டுவிட்டு மோரை ஊற்றிச் சாப்பிட்டாள். நான் ஒருத்தனே தின்றேன். ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்று மணிக்கு வாந்தி. ராத்திரி முழுக்க கையில் டிரிப் ஏறியது.

மூன்றாம் நாள் எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் அந்த மைதானத்துக்குத்தான் போனேன். நான் விட்டுவைத்த மிச்சக் குடைகள் தட்டளவு விரிந்து நின்றன. ஒன்றைப் புரட்டினேன். மடிப்பெல்லாம் பச்சை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தேன், வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. காலையில் பாசி நிறத்தில் விசிறிக் கோலம். அந்தத் தாளை லேமினேட் போட்டு வைத்திருக்கிறேன், நடைக்கு எப்போதும் பையில் இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்தால் காட்டுகிறேன்.